ஆகாய விமானமும் அரைகுறைச் சமாதானமும்

தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். அவர் சிறிய ஊரொன்றில் தறி நெய்து ஜீவிப்பவர். அவருடைய மகன் பதினோராவது வகுப்பில் வாசிக்கின்றானாம். பள்ளிக்கூடத்துப் பரீட்சையில், "ஆகாய விமானம் எதனால் கீழே விழாமல் மேலே நிற்கின்றது?" என்று ஒரு கேள்வி கேட்கப்பட்டிருக்கின்றது. பையன் புஸ்தகத்திலுள்ள பதிலை எழுதிவிட்டு, அதன் கீழே தன் சந்தேகமொன்றையும் எழுதியிருக்கின்றான். "மேலே போன காற்றும் கீழே போன காற்றும் ஒரே நேரத்தில் பின் ஓரத்தில் வந்து சேர்ந்துதான் ஆகவேண்டுமென்பதற்கு என்ன காரணம்?" என்பதே அது. உபாத்தியாயர் அதைச் சிவப்பு மையால் அடித்து, 2 மார்க்கையும் குறைத்து, "புஸ்தகத்தில் இருக்கிறதை எழுது, அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். "எனக்கு விமானமும் தெரியாது, காற்றுச் சாஸ்திரமும் தெரியாது. எதையும் ஏன் என்று கேள் என்று நீங்கள்தான் வாரந்தோறும் எழுதுகிறீர்கள். கேட்டதற்கு என் மகனுக்கு மார்க்குப் போய்விட்டதே, இதற்கு என்ன சொல்லுகிறீர்கள்?" என்று அத்தோழர் நம்மைக் கேட்கின்றார்.

கேட்க வேண்டிய கேள்விதான். தெரிந்தவர்களிடம் விசாரித்தும், கூடியவரை நம் கையாலேயே செய்து பார்த்தும் நாம் கண்ட முடிவு இது: பையன் கேட்டதுதான் சரி, புஸ்தகம் சொல்லுவது தப்பு.

புஸ்தகம் சொல்லும் சமாதானம் என்னவென்றால்: விமானத்தின் இறக்கை மேல் பக்கம் வளைந்தும் கீழ்ப்பக்கம் தட்டையாயும் இருக்கின்றது. எதிரே வரும் காற்று இறக்கையின் முன் ஓரத்தில் இரண்டாகப் பிரிகின்றது. மேலே போகும் காற்றுக்கு வழி நீளம். கீழே போகும் காற்றுக்கு வழி குட்டை. பிரிந்த இரண்டும் பின் ஓரத்தில் ஒரே சமயத்தில் வந்து கூட வேண்டுமாகையால், மேல் காற்று வேகமாக ஓடுகின்றது. வேகமாக ஓடும் காற்றுக்கு அழுத்தம் குறைவு. ஆகவே கீழிருக்கும் அதிக அழுத்தம் இறக்கையை மேலே தூக்குகின்றது. இவ்வளவுதான்.

கேட்பதற்கு வெகு அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால் "ஒரே சமயத்தில் வந்து கூட வேண்டும்" என்ற அந்த ஒரு வார்த்தை எங்கிருந்து வந்தது? பிரிந்துபோன இரண்டு துளிக் காற்றுகளுக்குள் என்ன கல்யாண ஒப்பந்தமா இருக்கின்றது, குறித்த முகூர்த்தத்தில் வந்து கூடுவதற்கு? சந்தைக்குப் போகும் இரண்டு பேர் ஒருவர் ஊரைச் சுற்றியும் மற்றவர் வயல் வரப்பில் குறுக்கேயும் போனால், சுற்றிப் போனவர் ஓடித்தான் வரவேண்டுமென்று சட்டமேதும் உண்டா? பையன் கேட்டது இதைத்தான். இதற்குப் பதில் எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. ஏனென்றால் இதற்குப் பதிலே கிடையாது.

இங்கு ஒன்றை ஞாபகப்படுத்த விரும்புகின்றோம். 2015ஆம் வருஷம் ஜனவரி மாதம் பம்பாயில் நடந்த இந்திய விஞ்ஞானக் காங்கிரசில், வேத காலத்திலேயே நமது நாட்டில் விமானங்கள் பறந்தன என்று ஒருவர் கட்டுரை வாசித்தார். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் "வைமானிக சாஸ்திரம்" என்னும் நூலை, பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஐந்து பேர் 1974லேயே வரிவரியாகப் பரிசோதித்து, அது பழங்காலத்து நூலல்ல, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது, அதில் கண்ட விமானங்களில் ஒன்றும் பறக்கத் தக்கதல்ல என்று எழுதி வைத்துவிட்டார்கள். ஆகவே அந்தக் கட்டுரையைக் கேட்டு நாமெல்லாம் சிரித்தோம். சிரித்தது நியாயந்தான். ஆனால் அப்படிச் சிரித்த நம்மில் எத்தனை பேர், "பின்னே விமானம் எப்படித்தான் பறக்கிறது?" என்று ஒருவர் திருப்பிக் கேட்டிருந்தால், மேற்கண்ட ஒரே-சமயக் கதையையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவித்திருப்போம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். நாமும் அதையே வெகு காலம் சொல்லி வந்தவர்கள்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளுகின்றோம். "சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது" என்பதும் "புஸ்தகத்தில் எழுதியிருக்கிறது" என்பதும் ஒரே பதில்தானே? அட்டை மாத்திரந்தானே வேறு?

நிற்க, அந்தச் சமாதானம் தப்பென்று எப்படித் தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். நாம் சொல்லுகிறோமென்று நம்ப வேண்டியதில்லை. தலைக்கு மேல் சுற்றும் மின்சார விசிறியைப் பாருங்கள். அதன் இறகு ஒரே கனமுள்ள தகடு. மேல் பக்கத்து வழிக்கும் கீழ்ப்பக்கத்து வழிக்கும் நீளத்தில் வித்தியாசமே இல்லையென்று சொல்லலாம். ஆனாலும் அது காற்றைக் கீழே தள்ளுகின்றதா இல்லையா? காற்றைக் கீழே தள்ளுவதால் விசிறி மேலே தள்ளப்படுகின்றதென்பதும், சுற்றும்போது அதன் கொக்கியின் மேல் பாரம் சற்றுக் குறைகின்றதென்பதும் உண்மை. சிறுபிள்ளைகள் விடும் காற்றாடியைப் பாருங்கள். அது வெறும் காகிதம். அதற்கு மேல் வழி எது, குட்டை வழி எது? வித்தை காட்டும் விமானங்கள் தலைகீழாகத் திரும்பிக்கொண்டு நெடுந்தூரம் பறக்கின்றன. புஸ்தகத்தின்படி பார்த்தால் வளைந்த பக்கம் கீழே போனவுடன் விமானம் தரையை நோக்கி இழுக்கப்பட்டிருக்க வேண்டும். அது மாத்திரமல்ல, அவ்விதமான விமானங்கள் பலவற்றில் இறக்கையின் மேல் வளைவும் கீழ் வளைவும் ஒன்றேபோல் செய்யப்பட்டிருக்கின்றன. முதன்முதலில் பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்து இறக்கையோ மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிய மெல்லிய வளைவு. அதில் மேல் வழியும் கீழ் வழியும் ஏறக்குறைய ஒரே நீளந்தான்.

இது போதாதென்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. நாலு பேர் உட்காரும் சிறு விமானமொன்றை எடுத்துக்கொள்வோம். ஆட்களோடு அதன் எடை சுமார் 1,100 கிலோ. இறக்கையின் பரப்பு சுமார் 16 சதுர மீட்டர். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர். மேல் வழி கீழ் வழியைவிட நூற்றுக்கு 2 பங்கு நீளம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மேல் காற்றின் வேகமும் நூற்றுக்கு 2 பங்குதான் அதிகமாக இருக்கும். இதிலிருந்து வரும் அழுத்த வித்தியாசத்தைப் பரப்பால் பெருக்கிப் பார்த்தால், சுமார் 120 கிலோவைத் தூக்கும் பலம் கிடைக்கின்றது. அதாவது வேண்டியதில் ஒன்பதில் ஒரு பங்கு. பாக்கி 980 கிலோவை யார் தூக்குகின்றார்கள்? இறங்குவதற்காக வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலோ, அந்த 120 கிலோவும் 30 கிலோவாகச் சுருங்கிவிடும். இந்தக் கணக்கின்படி அந்த விமானம் ஒரு நாளும் தரையைவிட்டுக் கிளம்பியிருக்க முடியாது. ஆனால் அது தினந்தோறும் பறந்து கொண்டிருக்கின்றது.

இன்னும் பிரத்தியக்ஷமான ருஜுவும் இருக்கின்றது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹோல்கர் பாபின்ஸ்கி என்பவர், காற்றுக் கூண்டொன்றில் இறக்கையை வைத்து, புகையை விட்டுவிட்டுத் துண்டு துண்டாக அனுப்பிப் படம் பிடித்து 2003ல் வெளியிட்டார். ஒன்றாகப் புறப்பட்ட புகைத் துண்டுகளில் மேலே போனது கீழே போனதற்காகக் காத்திருக்கவுமில்லை, அதோடு சேரவுமில்லை. வெகு முந்தியே பின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது. அதாவது மேல் காற்று புஸ்தகம் சொல்லுவதைவிட அதிக வேகமாக ஓடுகின்றது. அமெரிக்காவின் நாசா ஸ்தாபனமும் மாணவர்களுக்காக எழுதிய பாடங்களில் இந்த ஒரே-சமயக் கதையைத் தப்பான சமாதானமென்று பெயர் போட்டே எழுதியிருக்கின்றது.

அப்படியானால் உண்மைதான் என்ன? புஸ்தகம் சொன்னதில் பாதி வாஸ்தவம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேல் பக்கத்தில் காற்று வேகமாகப் போவதும் வாஸ்தவம். அங்கே அழுத்தம் குறைந்திருப்பதும் வாஸ்தவம். 1738ல் டானியல் பெர்னூலி வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்த கணக்கு பொய்யல்ல. வேகம் ஏன் அதிகமாயிற்று என்பதற்குச் சொல்லிய காரணந்தான் கட்டுக்கதை.

பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்காத பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். (கண்டக்டர் திட்டுவார், அதுவும் நியாயந்தான்.) உள்ளங்கையை முன்பக்கம் சற்றுத் தூக்கிச் சாய்த்தால் கை மேலே போகின்றது. கை என்ன செய்தது? எதிரே நேராக வந்த காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டது. காற்றை நாம் கீழே தள்ளினால், காற்று நம்மை மேலே தள்ளும். இறக்கை செய்யும் காரியமும் இதுதான். விமானம் பறந்துபோன வழியெல்லாம் காற்று கீழே இறங்குகின்றது. ஹெலிகாப்டர் இறங்கும் மைதானத்தில் நின்று கண்ணில் மண் விழுந்தவர்களுக்கு இதை ருஜுப்படுத்த வேண்டியதில்லை.

ஆனால் கைக்கும் இறக்கைக்கும் ஒரு வித்தியாசம். காற்றைக் கீழே திருப்பும் வேலையில் பெரும் பங்கை இறக்கையின் அடிப்பக்கம் செய்வதில்லை, மேல் பக்கந்தான் செய்கின்றது. மேலே போகும் காற்று நேரே போய்விடாமல் இறக்கையின் வளைவை ஒட்டிக்கொண்டு கீழ்நோக்கி வளைகின்றது. குழாயிலிருந்து விழும் தண்ணீரில் ஒரு கரண்டியின் முதுகை மெதுவாகத் தொட வைத்துப் பாருங்கள். தண்ணீர் கரண்டியின் முதுகை ஒட்டி வளைந்து பக்கவாட்டில் ஓடும். கரண்டி தண்ணீருக்குள் இழுக்கப்படும். செம்பிலிருந்து பாலை மெல்லச் சாய்த்தால், தம்ளரில் விழாமல் செம்பின் வெளிப்பக்கத்தை ஒட்டி வழிந்து தரையில் போகும் கஷ்டம் வீட்டிலுள்ள பெண்களுக்கு நன்றாகத் தெரியும். வளைவை ஒட்டி ஓடுவது திரவத்தின் சுபாவம். காற்றும் அவ்விதமே.

இனி, கவண் கல்லைச் சுழற்றுகின்றவன் கையைப் பாருங்கள். கல் வட்டமாகப் போகவேண்டுமானால் கயிறு அதை உள்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றும் அப்படியே. அது வளைந்து போகவேண்டுமானால், அதை உள்பக்கமாகத் தள்ளுவதற்கு ஏதாவது வேண்டும். காற்றுக்குக் கயிறு கிடையாது, அழுத்தந்தான் உண்டு. ஆகவே வளைவின் வெளிப்பக்கத்தில் அழுத்தம் அதிகமாயும், உள்பக்கத்தில், அதாவது இறக்கையின் முதுகை ஒட்டிய இடத்தில், குறைவாயும் இருந்துதான் தீரவேண்டும். அந்தக் குறைவான அழுத்தந்தான் இறக்கையை மேலே போக விடுகின்றது. அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி வரும் காற்றைப் பின்னாலிருக்கும் அதிக அழுத்தம் தள்ளுவதால் அதற்கு வேகமும் அதிகமாகின்றது. இறக்கை காற்றை வளைக்கின்றதென்பதும், அழுத்தம் மாறுகின்றதென்பதும், வேகம் கூடுகின்றதென்பதும் ஒரே காரியத்தின் மூன்று முகங்கள். நியூட்டன் சொன்னது சரியா, பெர்னூலி சொன்னது சரியா என்று சிலர் கட்சி கட்டிச் சண்டை போடுவது அர்த்தமற்றது. இரண்டும் சரி. தப்பானது மூன்றாவது ஆள் நடுவில் சொருகிய கதை.

இறக்கையை அளவுக்கு மிஞ்சிச் சாய்த்தால் காற்று முதுகை ஒட்டாமல் பிய்த்துக்கொண்டு போகும். தூக்கும் பலம் திடீரென்று விழுந்துவிடும். சாதாரண இறக்கைகளுக்குச் சுமார் 15 டிகிரி சாய்வில் இது நேரிடுகின்றது. விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் முதலில் பயப்படக் கற்றுக்கொள்ளுவது இதற்குத்தான். ஒரே-சமயக் கதையில் இதற்கு இடமே கிடையாது. சாய்த்தால் வழியின் நீளமா மாறப்போகின்றது?

பள்ளிக்கூடங்களில் ஒரு காகித வேடிக்கை காட்டுவதுண்டு. இரண்டு விரல் அகலக் காகிதத்தின் ஓரத்தைக் கீழுதட்டின் கீழ் பிடித்து, மேலாக ஊதினால், தொங்கிக்கொண்டிருந்த காகிதம் எழும்பும். "பார், வேகமான காற்றுக்கு அழுத்தம் குறைவு" என்பார் உபாத்தியாயர். அதே காகிதத்தை இரண்டு விரலால் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அதன் ஒரு பக்கத்தை ஒட்டி மேலிருந்து கீழாக ஊதிப் பாருங்கள். வேகமே காரணமென்றால் காகிதம் ஊதின பக்கத்திற்குப் பாய்ந்து வர வேண்டுமல்லவா? வராது. சற்றுப் படபடத்துவிட்டுத் தொங்கிக்கொண்டே இருக்கும். வாயிலிருந்து ஊதிய காற்றின் அழுத்தம் சுற்றுப்புறத்தின் அழுத்தமேதான். முதல் வேடிக்கையில் காகிதம் வளைந்திருந்ததால் காற்றும் வளைந்தது, அதனால் எழும்பிற்று. ஒரு காகிதமும் அரை நிமிஷமும் போதும். இத்தனை வருஷமாக இதை ஏன் நம்மில் ஒருவரும் செய்து பார்க்கவில்லை என்று கேட்டால், நமக்கு வெட்கந்தான் பதிலாக வருகின்றது.

விசிறியைப் பற்றிச் சொன்னோம். அதிலேயே மற்றொரு கேள்வியும் தொங்குகின்றது. இரவும் பகலும் அவ்வளவு வேகமாகச் சுற்றும் இறகில், முக்கியமாக அதன் முன் ஓரத்தில், தூசி அடை அடையாகப் படிகின்றதே, காற்று அதை ஏன் அடித்துக்கொண்டு போகவில்லை? இறகின் மேல் தோலை ஒட்டியிருக்கும் காற்று இறகோடேயே ஒட்டிக்கொண்டு சுற்றுகின்றது. அதற்கு இறகைப் பொறுத்தமட்டில் வேகமே கிடையாது. அதற்கு மேலே தலைமயிர் கனத்திலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறுகின்றது. தூசி அந்த அசையாத அடுக்குக்குள் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளுகின்றது. இந்த மெல்லிய அடுக்கைக் கண்டு சொன்னவர் ஜெர்மனியின் லுட்விக் பிரான்டில்; வருஷம் 1904.

இந்த அடுக்குக்கு முந்தின கதை ஒன்றுண்டு. பிரெஞ்சு தேசத்துக் கணித மேதை த'அலம்பேர் 1752ல் வெளியிட்ட கணக்கின்படி, நிதானமாக ஓடும் தண்ணீரில் ஒரு பொருளை வைத்தால் தண்ணீர் அதைத் தள்ளவே தள்ளாது என்று முடிவு வந்தது. ஆற்றில் இறங்கின எருமைக்குக்கூட இது பொய்யென்று தெரியும். த'அலம்பேர் என்ன செய்தார்? தம் கணக்கை மறைக்கவில்லை. ஆற்றையும் குற்றம் சொல்லவில்லை. இது விசித்திரமான முரண்பாடாக இருக்கின்றது, இதை விடுவிப்பதைப் பின்னால் வருகிற கணிதக்காரர்களுக்கு விட்டுவைக்கின்றேன் என்ற கருத்தில் எழுதி வைத்தார். 152 வருஷம் கழித்துப் பிரான்டிலின் அடுக்கு அதற்கு வழி காட்டிற்று. தெரியாததைத் தெரியாது என்று அவ்வளவு பெரிய மனிதர் எழுதி வைத்ததால்தான் பின்னால் ஒருவர் தேடினார். தோன்றியதை ஒரு கதையாகச் சொருகி மூடி வைத்திருந்தால் யார் தேடியிருப்பார்கள்?

ரைட் சகோதரர்களின் சங்கதி இதைவிடச் சுவாரசியமானது. வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்ற அந்த இருவரும் அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். இருவரும் உயர்தரப் பள்ளிப் படிப்பின் சர்ட்டிபிகேட்டுக்கூட வாங்கினவர்களல்ல. 1901ல் அவர்கள் செய்த மிதவை விமானம், கணக்குப்படி வரவேண்டிய தூக்கும் பலத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கொடுத்தது. சாதாரணமான ஆள் என்ன செய்வான்? நாம் செய்ததில்தான் கோளாறு, பெரியோர் எழுதின கணக்குத் தப்பாகுமா என்று தலையில் கையை வைத்துக்கொள்வான். அவர்கள் கணக்கையே சந்தேகித்தார்கள். மரப்பெட்டியில் 6 அடி நீளத்தில் ஒரு காற்றுக் கூண்டு செய்து, விசிறி வைத்து, ரம்பத் தகடும் சைக்கிள் கம்பியும் கொண்டு தராசு கட்டி, சுமார் 200 விதமான சிறு இறக்கைகளை நிறுத்துப் பார்த்தார்கள். தப்பு எங்கே இருந்ததென்றால், ஜான் ஸ்மீட்டன் என்ற பெரிய இஞ்சினியரின் பெயரால் 1759 முதல் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு உபயோகித்து வந்த ஓர் எண்ணில் இருந்தது. 0.005 என்று எழுதியிருந்தது உண்மையில் சுமார் 0.0033தான். 140 வருஷத்திற்கு மேல் பண்டிதர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி வந்த எண்ணை, இரண்டு சைக்கிள் கடைக்காரர்கள் நிறுத்துப் பார்த்துத் தள்ளினார்கள். அதற்கு முன் தாங்கள் சந்தேகித்த லிலியன்தாலின் அட்டவணை பெரும்பாலும் சரியே என்று கண்டபோது அதையும் ஒப்புக்கொண்டார்கள். அந்த லிலியன்தால் 2,000 தடவைக்கு மேல் மிதந்து பறந்து, 1896ல் விழுந்து இறந்தவர். அதே 1896ல், அக்காலத்தில் விஞ்ஞானத்திற்கே தலைவராக எண்ணப்பட்ட கெல்வின் பிரபு, பலூனைத் தவிர வேறு எவ்வித ஆகாயப் பிரயாணத்திலும் தமக்கு நம்பிக்கை கிடையாதென்று எழுதி, ஆகாயச் சங்கத்தில் சேர மறுத்துவிட்டார். ஏழு வருஷம் கழித்து 1903 டிசம்பர் 17ந் தேதி ரைட்டின் விமானம் 12 வினாடி நேரம் 120 அடி தூரம் பறந்தது. இறக்கையைச் சுற்றிய காற்றைப் பற்றிக் குட்டா 1902லும் ஜூக்கோவ்ஸ்கி 1906லும் எழுதிய கணக்குகளை வைத்துக்கொண்டு அவர்கள் பறக்கவில்லை. அளந்து பார்த்ததை வைத்துக்கொண்டே பறந்தார்கள்.

நமது நண்பர்களில் சிலர், "இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா? விஞ்ஞானப் புஸ்தகத்திலேயே தப்பிருக்கிறதென்று நீங்களே சொன்னால், பார்த்தாயா, விஞ்ஞானமும் நம்பிக்கைதான் என்று எதிரிகள் கூத்தாடமாட்டார்களா?" என்று கேட்கின்றார்கள். கூத்தாடட்டும். புஸ்தகத்தில் தப்பென்று கண்டுபிடித்தது எது? காகிதமும் புகையும் தராசுந்தானே? இவர்கள் புஸ்தகத்தை அப்படி ஒரு தடவை புகையில் காட்டிப் பார்க்கச் சம்மதிக்கட்டும், பிறகு பேசலாம். நம் பக்கத்துத் தப்பை நாம் மூடி வைப்பதானால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம் இருக்கின்றது?

அன்றியும், தப்பான காரணத்தைச் சொல்லிக்கொடுப்பதால் யாருக்கு என்ன நஷ்டம், விமானம் எப்படியும் பறக்கத்தானே போகிறது என்று சொல்லுகிறவர்களுக்கும் பதில் உண்டு. 2018 நவம்பர் 16ந் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரை கடந்தபோது, கூரைகள் பறந்ததைக் கண்டவர்கள் நம் வாசகர்களிலேயே இருப்பார்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று ஒரு சுவரில் மோதி நின்றால், 1 சதுர மீட்டருக்குச் சுமார் 68 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். மேலே சொன்ன சிறு விமானத்தின் இறக்கை 1 சதுர மீட்டருக்குத் தூக்கும் எடையும் ஏறக்குறைய அவ்வளவே. கூரையின் ஓரங்களிலும் முகட்டிலும் காற்று வளைந்து பிய்த்துக்கொண்டு போகும் இடங்களில் இதே அளவோ, இதற்கு மேலோ உறிஞ்சும் பலம் ஏற்படுகின்றது. சிமெண்டு அட்டையின் எடையோ இதில் நாலில் ஒரு பங்குகூட இராது. ஆகவே கூரை தன் எடையினால் நிற்பதில்லை. கட்டின கட்டினாலும் கொக்கி ஆணியினாலுந்தான் நிற்கின்றது. ஓரத்துக் கட்டு முதலில் அறுந்தால் மற்றவை அறுவது நிமிஷ வேலை.

இப்படிப்பட்ட சமயத்தில் அரைகுறைச் சமாதானம் என்ன செய்யும்? அமெரிக்காவில் சுழற்காற்று வரும்போது, வெளியே அழுத்தம் குறைந்துவிடுமாகையால், உள்ளேயும் வெளியேயும் சமமாவதற்காக வீட்டு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள் என்று ஜனங்களுக்கு வெகுகாலம் புத்தி சொல்லி வந்தார்கள். பார்வைக்கு இதுவும் விஞ்ஞானமாகவே இருந்தது. "அழுத்தம்" என்ற வார்த்தை அதில் இருந்ததல்லவா? பின்னால் இடிந்த வீடுகளைப் போய்ப் பார்த்து ஆராய்ந்தபோது, திறந்த ஜன்னல் வழியாக உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ள, மேலே போகும் காற்று உறிஞ்ச, இரண்டும் சேர்ந்து வீட்டைப் பிரிக்கின்றன என்று தெரிந்து, அந்தப் புத்திமதியைக் கைவிட்டார்கள். நம் கடற்கரை ஊர்களிலும் இதை ஞாபகத்தில் வைக்க வேண்டும். காற்று வீசும் பக்கத்துக் கதவையும் ஜன்னலையும் இறுக அடைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். புயலின் நடுக்கண் தலைக்கு மேல் வந்து எல்லாம் அடங்கின பிறகு, காற்று எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும். ஆகையால் அப்பொழுது எதிர்ப்பக்கத்துக் கதவைக் கவனிக்க வேண்டும். அடங்கிவிட்டதென்று வெளியே இறங்கவும் கூடாது.

புயல் நம் பக்கத்தில் இடஞ்சுழியாகவும், பூமத்தியரேகைக்குத் தெற்கே வலஞ்சுழியாகவும் சுற்றுவது பூமி சுழலுவதால்தான். இதைத் தெரிந்துகொண்ட சிலர், பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் சுழித்து இறங்குவதற்கும் இதுவே காரணமென்று அளப்பதுண்டு. ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்து நன்யூகியில், பூமத்தியரேகையின் மேல் நின்றுகொண்டு, நாலடி இந்தப் பக்கம் ஒரு சுழியும் அந்தப் பக்கம் வேறு சுழியும் வெள்ளைக்காரப் பிரயாணிகளுக்குக் காட்டிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கின்றார்கள். தண்ணீரை ஊற்றும் கையிலிருக்கின்றது அந்த வித்தை. அமெரிக்காவில் ஆஷர் ஷபைரோ என்பவர் 1962ல் வெளியிட்ட பரிசோதனையில், 6 அடி அகலத் தொட்டியில் தண்ணீரை 24 மணி நேரம் அசையாமல் வைத்திருந்து திறந்தபோதுதான் பூமியின் சுழற்சி அதில் தென்பட்டது. அதுவும் பல நிமிஷம் கழித்து. நம் சமையலறைத் தொட்டிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

இனி, கடிதம் எழுதிய தோழருக்கு. உமது மகன் கேட்டது சரியான கேள்வி. அடுத்த பரீட்சையில் அவன் என்ன எழுதுவது என்று நீர் கேட்டிருக்கின்றீர். மார்க்கு வேண்டியது ஏழைப் பிள்ளைக்கு அவசியமென்பது நமக்குத் தெரியும். அதைத் தியாகம் செய் என்று தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. அவன், "புஸ்தகம் இவ்விதம் சொல்லுகின்றது" என்று தொடங்கி அதை எழுதட்டும். அதற்குக் கீழே விசிறியைப் பற்றி இரண்டு வரி எழுதட்டும். அந்த உபாத்தியாயர் பேரில் நமக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அவரை அப்படியே அடக்கியிருப்பார்கள். அவருக்கு ஒரு துண்டுக் காகிதத்தோடு இவ்வாரப் பத்திரிகையின் பிரதி ஒன்றை அனுப்பி, காகிதத்தை இரண்டு விதமாகவும் ஊதிப் பார்த்து எழுதும்படி கேட்டிருக்கின்றோம். அவருடைய பதில் வந்தால், நமக்கு விரோதமாயிருந்தாலும், அப்படியே வெளியிடுவோம்.